சத்தம் போடாத தெரு

மாத்திரை டப்பாவில் ஞாயிறு, திங்கள் பார்த்து விழுங்குகிற வயதுக்கு வந்துவிட்ட என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று போனைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள் இப்போது வீடு வாங்குகிறார்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் சவுக்குத்தோப்பு, நஞ்சை எதையும் விடாமல் மனை போட்டு, வாயிலில் ஒரு வளைவு வைத்து, அதில் இங்கிலீஷ் பெயர் எழுதிவிட்டால் விற்றுப்போகிறது. என் மகன் ஒரு படி மேலே போய் இங்கிலாந்திலேயே வாங்கிவிட்டான். லண்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரமாம். போன வாரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றிக் காட்டினான். செங்கல் வீடுகள், கையகலப் புல், ஒரு பூனை.

"எவ்ளோ அமைதியா கீது பாரும்மா. இந்த மாதிரி தெருவுல வூடு வாங்குன மொத ஆள் நம்ம குடும்பத்துல நான்தான்."

சிரித்துவிட்டேன். அவன் இரண்டாவது ஆள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் என் அம்மா வாங்கினாள். அந்தத் தெருவும் அமைதியான தெருதான். அந்த அமைதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நகராட்சிப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு என்ன பெயரோ. ஊர்க்காரர்கள் 'இங்கிலீஷ் லைன்' என்பார்கள். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், கொளவாய் ஏரியைப் பார்த்த மாதிரி பத்துப் பன்னிரண்டு வீடுகள். வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயில் டிரைவராகவும் கார்டாகவும் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள், நாம் சட்டைக்காரர்கள் என்போமே, அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள். சீமை ஓடு, பச்சைக் கண்ணாடி பதித்த ஜன்னல், கேட்டுக்கு இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி. எனக்கு நினைவு தெரிவதற்குள் முக்கால்வாசிப் பேர் கப்பலேறிவிட்டார்கள். வீடுகளை உத்தியோகஸ்தர்கள் வாங்கியிருந்தார்கள். ஓவர்சியர், ரிட்டயர்டு தாசில்தார், வக்கீல், காலேஜ் வாத்தியார். சட்டைக்காரர்களில் மிச்சமிருந்தது ஒரு கிழவி மட்டும். ரயில்வே கார்டு ஒருவரின் விதவை. எல்லோருக்கும் அவள் கார்டம்மா.

என் அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். கார்டம்மாவுக்கு இடது காலில் ஆறாத புண். டியூட்டி முடிந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மா போய்க் கட்டு மாற்றிவிடுவாள். என்னையும் கூட்டிப்போவாள். அப்பா பஸ் கண்டக்டர். எந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

அந்த வீட்டுக்குள் லோஷன் வாசனையும் கேக் வாசனையும் சேர்ந்து அடிக்கும். கம்பிவலை போட்ட அலமாரிக்குள் ரொட்டியும் வெண்ணெயும். அதன்மேல் செத்துப்போன கார்டின் கைவிளக்கு. அதன் தலையைத் திருப்பினால் ஒரு முறை சிவப்பு, ஒரு முறை பச்சை. அம்மா கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் சுவரைச் சிவப்பாக்கிப் பச்சையாக்கிக்கொண்டிருப்பேன். அந்த விளக்கு இன்று இல்லை. எப்போது, யார் கையில் போனதென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கார்டம்மா எனக்கு பிஸ்கட் தருவாள். அம்மாவுக்கு டீ. காது உடைந்த ஒரு கப்பில் தருவாள். மற்ற கப்புகளெல்லாம் கண்ணாடி பீரோவில் இருக்க, அது மட்டும் பின்பக்க ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அம்மாவுக்கென்றே ஒரு கப் எடுத்து வைத்திருக்கிறாளே, என்ன மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பதினோரு வயது.

அந்த வருடம் மழை ஓய்ந்த மார்கழியில், கார்டம்மாவுக்குச் சதுரங்கப்பட்டினம் போய்ப் பார்க்க வேண்டுமென்று ஆசை வந்தது. கல்யாணமான புதிதில் புருஷனோடு போன இடமாம். காலை வைத்துக்கொண்டு தனியாகப் போக முடியாது. அம்மா லீவு போட்டாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனோம். இடிந்த டச்சுக் கோட்டை, உள்ளே மண்டையோடு செதுக்கிய கல்லறைக் கற்கள். நான் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கோட்டைக்கு அந்தப் பக்கம் கடல். மணலில் வலை காய்ந்தது. கருவாட்டு வாடை. கார்டம்மா ஓர் உடைந்த சுவரில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கட்டு அவிழ்ந்திருந்தது. அம்மா கீழே உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள்.

"நர்ஸ், நான் போறேன். என் டாட்டர் கப்பல் டிக்கெட் அனுப்பிட்டா. அடுத்த மாசம். உனக்கு வூடு வேணுமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கா?"

"தாசில்தார் கேக்கறான். வக்கீல் கேக்கறான். நீ வந்து போறத பாத்துட்டு தாசில்தார் எங்கிட்டே வந்தான். அந்த நர்ஸ் யாரு தெரியுமா, எந்த காலனி தெரியுமான்னு கேட்டான். தெரியும் மேன், போன்னு சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "முப்பது வருஷம் அந்த தெருவுல இருக்கேன். ஒருத்தன் என் வூட்டுல ஒரு டீ குடிச்சதில்ல. மாட்டுக்கறி ஆக்கற வூடாம். அவனுக்கு வித்தா, நான் போன மறுநாள் சாணி கரைச்சு ஊத்திக் கழுவுவான். நீ கழுவமாட்டே."

அம்மா முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"கழுவுவேன். உங்க செத்துப்போன நாய் மயிரு இன்னும் மூலைக்கு மூலை கீது."

கார்டம்மா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு டீ குடுப்பீங்களே, காது ஒடஞ்ச கப்பு, அதையும் வூட்டோட வுட்டுட்டுப் போங்க. குடி வந்த அன்னிக்கி மொத வேலையா அதத்தான் ஒடைக்கப் போறேன்."

 கார்டம்மா சிரித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கப்பின் அர்த்தம் லேசாகப் புரிந்தது. மரியாதை என்று இத்தனை நாள் நினைத்திருந்த வெட்கத்தில், கார்டம்மா வழிக்குத் தந்த பிஸ்கட்டைத் தின்னாமல் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வேலைக்குக் கிடைத்த கடனிலும் அம்மாவின் சங்கிலியிலும் வீடு எங்களுடையதானது. தாசில்தார் இடையில் ஒரு புரோக்கரை அனுப்பிப் பார்த்தார். கார்டம்மா தடியைத் தூக்கிக் காட்டியதாகக் கேள்வி. தை பிறந்து குடி போனோம். சாமான் இறக்கி முடிந்ததும் அம்மா நேரே பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். கப் இருந்தது. துணி துவைக்கிற கல்லில் ஒரே போடு. சில்லுகளைப் பெருக்கி எடுத்துவிட்டு அடுப்பு மூட்டினாள்.

அப்பாவுக்கு அந்த வீட்டில் முதல் நாளிலிருந்து தூக்கம் இல்லை. அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் மூன்று வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருந்தோம். ஒவ்வொரு முறையும் அம்மாவின் சொந்தக்காரர் யாராவது வந்து போவார்கள். வீட்டுக்காரர் "எந்த ஊரு?" என்று கேட்பார். மாதக் கடைசியில் சட்டிபானையோடு நாங்கள் தெருவில் நிற்போம். சத்தம் போடுவதால்தான் நாம் யாரென்று தெரிந்துவிடுகிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

"கம்முனு இருந்தா போதும். நம்மள யாரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

சில சட்டங்கள் போட்டார். ஊர் கேட்டால் மதுராந்தகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் நாலு மைல் உள்ளே இருக்கிற காலனியின் பெயர் வாயில் வரக்கூடாது. கருவாடு, மாட்டுக்கறி கூடாது. ரேடியோ மெதுவாக. சொந்தக்காரர்கள் யாரும் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "சரி, உங்க நைனா சொல்றத கொஞ்ச நாளைக்கி கேப்போம்" என்றாள் என்னிடம். அவளுக்கும் அலைந்த களைப்பு இருந்திருக்கும்.

அந்தத் தெருவில் யாரும் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அம்மா வெள்ளைப் புடவையில் கேட்டைத் திறந்து இறங்கினால், எதிர் வரிசையில் கதவுகள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, சாத்திக்கொள்ளும். அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். பூக்காரி எங்கள் வீட்டைத் தாண்டும்போது கூவுவதை நிறுத்திவிட்டு, அடுத்த வீட்டில் மறுபடி ஆரம்பிப்பாள்.

பேசியது ஓவர்சியர் வீட்டுப் பெண் மட்டும். பக்கத்து வீடு, என் வயது. இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கத்து நெல்லிக்காய் இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துக் கொடுக்காப்புளி அந்தப் பக்கம் போகும்.

"உங்க ஊர் எது?"

"மதுராந்தகம்."

"மதுராந்தகத்துல எங்க?"

அப்பாவின் சட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "ஏரிக்கரைல" என்றேன்.

"கரை மேலயேவா? தண்ணி வராது?"

ஒரு சனிக்கிழமை. மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அம்மாவுக்குக் காலை டியூட்டி, அப்பா வண்டியில். சுவரோரம் நானும் அந்தப் பெண்ணும் விளையாடிக்கொண்டிருந்தோம். தெருமுனையிலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சீ! ஏ தங்கச்சீ! எந்த வூடு?"

பெரிய மாமா. அம்மாவின் அண்ணன். பிறர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். கழனியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிப் பழகிய தொண்டை. தலையில் முண்டாசு, தோளில் பனங்கிழங்கு மூட்டை, கக்கத்தில் ஒரு கோழி. அதுவும் தன் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, வூடு கோயிலு மாதிரி கீது!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஓவர்சியர் வீட்டம்மா வந்து நின்றாள். புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு, மிகவும் இனிமையாகக் கேட்டாள்.

"யாரும்மா அது? சொந்தக்காரரா?"

மாமா ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

"இல்ல" என்றேன். "தோட்ட வேலைக்கு வந்திருக்காரு."

இப்போது யோசித்தால் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாசில்தாருக்குத் தெரிந்தது தெருவுக்கே தெரிந்ததுதான். நாங்கள் ஒளித்ததெல்லாம் தெரிந்தவர்களிடம்தான். என் வாயால் என்ன வருகிறதென்று பார்க்கவே அவள் கேட்டாள். பதினோரு வயதில் அது எப்படித் தெரியும்?

மாமா படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"ஆமாம்மா. வேலைக்கித்தான் வந்துகீறேன்" என்றார் சுவரைப் பார்த்து. அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம், "அருவா எங்க கீது பாப்பா?"

எடுத்துக் கொடுத்தேன். மூட்டையும் கோழியும் பின்கதவண்டை போயின. மாமா வேலியை வெட்டினார். புல்லைச் செதுக்கினார். வெயில் ஏறிய பிறகு தோட்டத்துக் குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தார். நான் சோறு போட்டு எடுத்துப் போனேன். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "ரசம் நல்லா கீது" என்றார். கிளம்பும்போது எப்போதும் என் தலையில் கை வைப்பார். அன்றைக்கு வைக்கவில்லை. "கையெல்லாம் மண்ணு" என்று விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா மூன்று மணிக்கு வந்தாள். வேலியைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். நான் சொல்லி முடித்ததும் அடிக்கவில்லை. கால் செருப்பைக் கழற்றாமல் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் ஆரம்பித்தாள். "என் அண்ணன் இன்னிக்கி என் வூட்டுல கூலிக்காரன். இதுக்கா வூடு வாங்கனேன்?"

"சின்னப் புள்ள. ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறல. நாம சொல்லிக்குடுத்தத ஒழுங்கா சொல்லிச்சி."

அப்பா கையில் இருந்த டிக்கெட் பையை மாட்டக்கூட மறந்து நின்றார். நான் அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.

அடுத்த ஞாயிறு அம்மா என்னைக் காலனிக்கு இழுத்துப் போனாள். மாமா வீட்டில் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் களியை உருட்டிக்கொண்டே இருந்தேன். மாமா என் தட்டில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தார்.

"அண்ணே, ஈஸ்டர் கழிச்சி கோயில் ஃபாதர கூப்ட்டு வூடு மந்திரிக்கப் போறோம். நீதான் முன்னால நிக்கணும்" என்றாள் அம்மா.

"வாணாம் தங்கச்சி. பாப்பா சொன்னதுல தப்பில்ல. அந்த தெருவுல அப்டித்தான் சொல்லணும்."

"அப்டித்தான் சொல்லணும்னா அந்த வூடே எனக்கு வாணாம். வித்துட்டு இங்கயே குடிசை போட்டுக்கறேன். சொல்லு, வரியா, விக்கட்டுமா?"

மாமா செம்பை எடுத்துக் கை கழுவினார். "நான் வந்தா காலனியே வரும், பாத்துக்கோ. அந்த தெரு சத்தம் தாங்காது."

"வரட்டும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்கத் தூங்கினாள். குடி வந்த பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

வீடு மந்திரிக்கிற அன்று சித்திரை வெயில். காலை பாசஞ்சரில் வந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. ஸ்டேஷனைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அண்டா, குண்டான், இடுப்பில் குழந்தைகள், கோயில் மேளம், ஜால்ரா, ஒரு பாட்டு. நீராவி எஞ்சின் ஊதல்கூட இத்தனை வருடத்தில் அந்தக் கதவுகளைத் திறக்க வைத்ததில்லை. அன்றைக்கு எல்லாக் கதவும் திறந்தன.

ஃபாதர் இன்னும் வரவில்லை. கேட்டில் தாசில்தார் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. பின்னால் வக்கீல். அதற்கும் பின்னால், தான் தனியாக வந்ததுபோல், ஓவர்சியர். கூட்டத்துக்கு முன்னால் மாமா நின்றிருந்தார். புது வேட்டி, கஞ்சி மொடமொடப்பில் நடக்கவே சிரமப்பட்டார்.

தாசில்தார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா தோட்டக்காரா, உள்ள போய் நர்ஸம்மாவ வரச்சொல்லு."

மாமா அசையவில்லை. என்னைத்தான் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதியும் அவள் அம்மாவும் நின்றார்கள்.  

"அவரு தோட்டக்காரர் இல்ல!" கத்திவிட்டேன். மேளம் நின்றது. "எங்க பெரிய மாமா. எங்கம்மா கூடப் பொறந்தவரு. அன்னிக்கி நான் பொய் சொன்னேன்."

அம்மா அதற்குள் படியில் வந்து நின்றிருந்தாள். பட்டுப்புடவை இல்லை, இருந்ததில் நல்ல நூல்புடவை.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்லம்மா." தாசில்தார் குடையை மறுகைக்கு மாற்றினார். "இது அமைதியான தெரு. டீசண்டான குடும்பங்க இருக்கற இடம். இப்படி ஒரு கும்பல், மேளம்... ஏதோ பிரார்த்தனைன்னா நாலு பேர் வச்சு, பின்பக்கமா..."

"எங்க வூட்டுக்கு முன்வாசல் ஒண்ணு கீது சார். அதுக்கும் சேத்துத்தான் பத்திரம் எழுதிக் குடுத்தாங்க."

அதற்குள் ஒரு விசில் அடித்தது. காதைப் பிளக்கிற விசில். எல்லோரும் திரும்பினோம். அப்பா. பின்கட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் இத்தனை நேரம் ஒளிந்திருந்தவர், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்து ஊற்றியது.  ஆனால் குரல் பஸ்ஸில் வருகிற குரல்.

"ஏறு, ஏறு! உள்ள போ! படியில நிக்காத! உள்ள எடம் கீது, முன்னால போய்க்கினே இரு! அண்ணாத்த, நீதான் மொதல்ல!"

மாமா தாசில்தாரைத் தாண்டி நடந்தார். படியில் வலது காலை வைத்தார், ஏறினார், உள்ளே போனார். அவர் பின்னால் அத்தையும், குழந்தைகளும், அண்டாவும், மேளமும், முன்வாசல் வழியாகவே போயின. ஒவ்வொரு தலைக்கும் அப்பா விசில் ஊதினார். ஒரு குழந்தை தாசில்தாரின் குடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அவர் குடையை மீட்டுக்கொண்டு போனபோது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அம்மா எதையும் ஒளித்துச் சமைக்கவில்லை. சாயங்கால பாசஞ்சர் வரைக்கும் பாட்டு. மறுநாள் அப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, கேட்டின் மேல் அம்மாவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே காலனியின் பெயரையும் எழுதினார். கையெழுத்து கோணல்தான். ஆனால் தெருவின் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி முடியவில்லை. அந்த மாதமே ஓவர்சியர் வீட்டுச் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியது, மேலே பாட்டில் சில்லு. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் புத்தகத்தைப் பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது? பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை அவளும் ஒழுங்காகச் செய்தாள். தெருவில் கையெழுத்து வாங்கி, நர்ஸ் வீட்டில் கூட்டம் கூடுகிறது, வெளியில் ஊசி போட்டுச் சம்பாதிக்கிறாள் என்று மேலே ஒரு மனு போனது. யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஆனி மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கேயே குவார்ட்டர்ஸ் உண்டு.

"வாடகைக்கு வுட்டுட்டு போய்டலாமா?" என்று அப்பா கேட்டார். பயந்து கேட்கவில்லை. அம்மாவின் உடம்பை நினைத்துக் கேட்டார்.

அம்மா டிபன் கேரியரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்கால். ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. அம்மா வெள்ளைப் புடவையில், ஒரு கையில் கேரியரும் மறு கையில் பையுமாகக் கேட்டைத் திறந்தாள். வழியனுப்ப நான் பின்னால் போனேன். தாசில்தார் காலை நடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, தானாகவே நின்று, அம்மாவிடம் பேசினார். குரலில் அக்கறைகூட இருந்தது.

"டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாமே. ரொம்ப தூரமாச்சே. வீட்டை எப்போ காலி பண்றீங்க?"

"வேலைதான் சார் தூரம் போச்சி," என்றாள் அம்மா. "வூடு இங்கயேதான் கீது."

சொல்லிவிட்டுத் தெருவின் நடுவில் நடந்து பஸ்ஸுக்குப் போனாள். சாயங்காலம் ஆறரைக்கு, கேரியர் கடகடக்க, அதே நடுத்தெருவில் திரும்பி வந்தாள். மறுநாளும் போனாள், வந்தாள். ஆறு வருடம் போய் வந்தாள்.